வலிக்காத சக்கரம்

“வலிக்காத சக்கரம் ஒண்ணு வேணும் அம்மிணி” என்றார் குழந்தைவேலு.

சுலைகா தலையைத் தூக்கவில்லை. ஒரு சக்கரத்தைத் தாங்கியில் மாட்டிக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“எங்கீங்க சார் வலிக்குது?”

“கையில. முதுகுல. கழுத்துல. அறுபது கிலோமீட்டர் தாண்டினா உக்கார முடியல.”

“அப்ப வலி உங்களுக்கு. சக்கரத்துக்கு இல்ல.”

“விளையாடாதே அம்மிணி.”

அவள் விளையாடவில்லை. அவளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், வயதாகியிருக்க வேண்டும் என்று எங்கும் சட்டமில்லை. சுலைகாவுக்கு முப்பத்தொரு வயது. உடுமலையைத் தாண்டி, காற்றாலைகள் நிற்கிற பொட்டல்காட்டில் தனியாக ஒரு பட்டறை. நெடுந்தூரம் சைக்கிள் மிதிக்கிறவர்களுக்குச் சக்கரம் கட்டித் தருவாள். கோயமுத்தூரிலிருந்தெல்லாம் தேடி வருவார்கள். வந்தவர்களோடு அளந்துதான் பேசுவாள்.

சீடர் குழந்தைவேலுவுக்கு ஐம்பத்தெட்டு. உடுமலையில் மருந்துக்கடை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நேரமில்லை என்று சொல்லிச் சொல்லியே அந்த நேரத்தைப் போக்கிவிட்டார்.

ஆறு நாள் கடை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் நூற்றைம்பது கிலோமீட்டர் மிதித்துவிட்டு மூன்று மணிக்கு வீடு. குளித்துப் படுத்தால் திங்கட்கிழமை வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையை வீட்டுக்குள் உட்கார்ந்து கழிப்பது என்றால் அவருக்குப் பயம். அதை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது அறுபதிலேயே திரும்பிவிடுகிறார். பத்து மணிக்கெல்லாம் வீடு. அதற்கப்புறம் அந்த நாள் நகரவே மாட்டேன் என்கிறது.

“எவ்வளவு நாளா வலிக்குது?”

“எட்டு மாசமா.”

“அதுக்கு முன்னாடி?”

“ஒம்பது வருசம் இதே சக்கரம். ஒரு வலி கிடையாது. தேய்ஞ்சு போச்சுன்னு நினைக்கறேன்.”

சுலைகா எழுந்து வந்து அவர் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினாள். காதை வைத்துக் கேட்டாள். கம்பிகளை இரண்டு இரண்டாகப் பிடித்து அமுக்கினாள். பின்சக்கரத்தையும் அப்படியே பார்த்தாள்.

“தேயல.”

“பின்னே ஏன் வலிக்குது?”

அவள் சுவரில் தொங்கிய சக்கரங்களைக் காட்டினாள்.

“உங்க கைக் காசுக்கு அடக்கமா மூணு சோடி இருக்குது. வாரம் ஒரு சோடி மாட்டித் தர்றேன். ஓட்டிப் பாருங்க. அப்புறம் பேசலாம்.”

“இதுவும் சரிப்படலைன்னா சைக்கிளையே வித்துடலாம்னு இருக்கேன்.”

“வித்துட்டு?”



*

முதல் சோடி கார்பன். விளிம்பு மூன்று விரற்கடை உயர்ந்து பார்க்கவே மிடுக்காக இருந்தது. ஏற்கெனவே யாரோ கொஞ்சம் ஓட்டியது, அதனால் விலை இறங்கியது.

சுலைகா மாட்டி முடித்துப் பம்ப்பை எடுத்தாள்.

“காத்து நானே அடிச்சுக்கறேன்” என்றார் அவர்.

குனிந்து டயரின் பக்கவாட்டில் இருந்த எழுத்தைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு மூச்சு வாங்க அடித்தார். பம்ப்பில் காற்றழுத்தம் காட்டும் முள் நூற்றிருபதைத் தொட்டதும் நிறுத்தினார். ஒரு பொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“அத்தனை எதுக்குங்க சார்?”

“டயர்லயே போட்டிருக்குதே அம்மிணி. பண்ணினவனுக்குத் தெரியாதா?”

முப்பது வருஷமாக மாத்திரை அட்டையில் இருக்கிற எழுத்தைப் படித்து மருந்து கொடுத்தவர். அச்சடித்ததை எதிர்த்து அவரிடம் பேசி யாரும் ஜெயித்ததில்லை. சுலைகா வாயை மூடிக்கொண்டாள்.

அது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற காற்று ஆளை நிற்க விடாது. உயர்ந்த விளிம்பைக் காற்று பக்கத்திலிருந்து பிடித்துத் தள்ளியது. இரண்டு தடவை தார் ரோட்டை விட்டுக் கீழே இறங்கிவிட்டார்.

“ஆகாது” என்று கொண்டுவந்து கொடுத்தார். “காத்துல பிடிச்சுத் தள்ளுது. அதுபோக, கையில கொத்துது.”

“செரிங்க சார்.”

*

இரண்டாவது சோடி எடை குறைவு. கம்பிகளும் குறைவு. ஒரு விரலில் தூக்கலாம்.

மறுபடி கண்ணாடி. மறுபடி எழுத்து. மறுபடி பம்ப்.

ஏற்றத்தில் பறந்தது. நாற்பது கிலோமீட்டர்வரை அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அமராவதி அணைக்குப் போகிற வழியில் ஒரு மயில் ரோட்டைக் கடந்தது. “அங்க பாரு, மயிலு!” என்றார் சத்தமாக.

முன்னால் யாரும் இல்லை.

அதற்கப்புறம் மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தது. திரும்பிவிட்டார்.

“இதுவும் ஆகாது. ரோட்டுல கெடக்கற ஒவ்வொரு கல்லும் கையில வந்து சொல்லுது.”

சுலைகா சக்கரத்தைக் கழற்றினாள்.

“எப்பவும் தனியாத்தான் போவீங்களா?”

“இப்பத் தனியாத்தான்.”

“முந்தி?”

“ஒருத்தன் இருந்தான். நாச்சிமுத்துன்னு. என் வயசுதான். காத்தை அவன் முன்னால வாங்கிக்குவான், நான் பின்னால ஒட்டிக்கிட்டுப் போவேன். ஒம்பது வருசம்.”

“இப்ப எங்க?”

“அங்கியேதான் இருக்கான். எங்க வீட்டுக்கு மூணாவது தெரு.”

அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததால் அவரே சொன்னார். கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

“அவன் மகனுக்குக் கல்யாணம். கார்த்திகையில. ஊரெல்லாம் தட்டுல வெத்தலை பாக்கு வெச்சு, பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வீடு வீடாப் போய்ப் பத்திரிகை வெச்சான். எனக்கு என்ன பண்ணினான் தெரியுமா?”

“என்ன பண்ணினாருங்க?”

“வாட்சப்புல அனுப்பிச்சான்.”

சுலைகா ஸ்பேனரைக் கீழே வைத்தாள். கொங்கு நாட்டில் இருக்கிறவளுக்கு இதன் கனம் தெரியாமல் இருக்குமா?

“போனைத் தொறந்தா படம் நிக்குது. கீழே ‘வந்துரு’ன்னு ஒரு வார்த்தை. என் வீட்டுல தட்டு வாங்கறதுக்கு ஒரு பொம்பளை இல்லைன்னா, வாசப்படி கூடவா இல்ல?”

“போனீங்களா கல்யாணத்துக்கு?”

“எப்படிப் போவேன்? மொறையாக் கூப்பிடாத எடத்துக்குப் போய் நிக்கறதா?”

“அவரு வந்து பேசலையா?”

“கல்யாணம் முடிஞ்ச அடுத்த ஞாயித்துக்கெழமை நாங்க சேர்ற டீக்கடையில வந்து நின்னான். நான் வேற ரோட்டுல போயிட்டேன். அதுக்கடுத்த வாரமும் நின்னான்னு கடைக்காரன் சொன்னான்.”

“அதுக்கடுத்த வாரம்?”

“கேக்கல.”

காற்றாலைகள் சுற்றுகிற சத்தம் கேட்டது. சுலைகா மூன்றாவது சோடியைத் துடைக்க எடுத்தாள்.

*

மூன்றாவது சோடி அவள் கையாலேயே கட்டியது. அலுமினியம். அகலமான விளிம்பு, தடித்த டயர், இருபத்தெட்டுக் கம்பி. பளபளப்பு ஒன்றும் இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்து போகிறவர்களுக்கென்றே கட்டியது. தன் தங்கைக்கும் இதே மாதிரி ஒன்றைத்தான் கட்டிக் கொடுத்திருந்தாள்.

குழந்தைவேலு குனிந்தார். படித்தார். அடித்தார்.

சுலைகா முள்ளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

எழுபது கிலோமீட்டரில் திரும்பி வந்தார். தாராபுரம் போய்ச் சேரவில்லை.

“இதுவுமா?”

“கொஞ்சம் தேவலை. ஆனா கொத்துது.” சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்தார். “பரவால்ல அம்மிணி. இதையே எடுத்துக்கறேன். மூணுல இது நல்ல சக்கரம்.”

“நல்ல சக்கரந்தான். உங்களுக்கு விக்க மாட்டேன்.”

“ஏன்?”

“சக்கரத்துக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுப்பீங்க.”

அவருக்குக் கோபம் வந்தது. வயதில் பாதி இருப்பாள், பொருளை விற்க மாட்டேன் என்கிறாள்! அடுத்த வாரம் பழைய சக்கரத்தை மாட்டிக்கொண்டு போய், சைக்கிளை வாங்க ஆள் இருந்தால் சொல்லச் சொல்லிவிட்டு வந்துவிடுவது என்று முடிவு செய்தார். அன்று பகல் பதினொரு மணியிலிருந்து இருட்டுகிறவரை வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. என்ன ஓடியது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

*

“விலைக்கு ஆள் பாரு அம்மிணி” என்றார், நான்காவது ஞாயிற்றுக்கிழமை.

“பாக்கறேன். மொகமெல்லாம் புழுதி. பின்னால தொட்டியில தண்ணி இருக்குது, கழுவிட்டு வாங்க.”

முகம் கழுவித் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தார். சுலைகா அவர் சைக்கிளின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் வருவதைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள்.

“விக்கறதுக்கு முந்தி ஒருக்கா வாய்க்கால் பாலம் வரைக்கும் போயிட்டு வாங்க.”

“எதுக்கு?”

“போயிட்டு வாங்க சார்.”

பாலம் மூன்று கிலோமீட்டர். இருபது நிமிஷத்தில் திரும்பியிருக்க வேண்டும்.

அரைமணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. சுலைகா ஒரு சக்கரத்தைக் கட்டி முடித்து, சோறு தின்று, கையும் கழுவிவிட்டாள். இரண்டரை மணி நேரம் கழித்து வந்தார் குழந்தைவேலு. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இறங்கினவர் சைக்கிளை விடவில்லை, பிடித்துக்கொண்டே நின்றார்.

“என்ன பண்ணினே?”

“பாலம் தாண்டிட்டீங்களா?”

“எங்கெங்கியோ போயிட்டேன். என்ன பண்ணினேன்னு கேக்கறேன்.”

“காத்த எறக்கினேன்.”

“எம்பட சக்கரத்துலயா?”

“உங்க சக்கரத்துலதான்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாங்க சார்.”

அவர் குனிந்து டயரைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். கொஞ்சம் உள்ளே போய் மீண்டது.

“நூத்தி இருபதுன்னு போட்டிருக்குதே.”

“அதுக்கு மேல போகாதேன்னு போட்டிருக்குது. உங்க கடையில ஒரு மருந்துக்கு இதுக்கு மேல குடுக்காதேன்னு அளவு போட்டிருந்தா, வர்றவங்களுக்கெல்லாம் அதையே குடுப்பீங்களா?”

“அதெப்படி? ஆளோட எடையைப் பாக்கோணும். வயசப் பாக்கோணும். நோஞ்சானுக்கு ஒண்ணு, தாட்டியான ஆளுக்கு ஒண்ணு…”

பேச்சு பாதியில் நின்றுவிட்டது.

டயரை மறுபடி அமுக்கிப் பார்த்துவிட்டு, “இல்ல அம்மிணி, கணக்கு இடிக்குது” என்றார். “ஒம்பது வருசமும் இப்படித்தான் இருந்துச்சு. இன்னைக்கி ஓட்டினேன் பாரு, அச்சு அசல் அதே மாதிரி. ஆனா அப்பவும் நான் நூத்தி இருபதுதான் அடிச்சேன். ஒரு வாரம் தவறினதில்ல.”

“அடிச்சதுக்கப்புறம் வண்டி யாருகிட்ட இருந்துச்சு?”

“எங்கிட்டத்தான்.”

“ஏறி மிதிக்கற வரைக்குமா?”

“வீட்டுல அடிப்பேன். மிதிச்சுக்கிட்டு டீக்கடைக்கு வருவேன். அவன் எனக்கு முந்தியே வந்து நிப்பான். வண்டிய அவன்கிட்டக் குடுத்துட்டு உள்ள போய் ரெண்டு டீ வாங்கிட்டு…”

குழந்தைவேலு சைக்கிளின் பின்சக்கரத்தைப் பார்த்தார். சற்று முன்பு சுலைகா உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார்.

“நீ உக்காந்திருந்தியே” என்றார். “அதே மாதிரிதான் உக்காந்திருப்பான். நான் டீயோட வந்ததும் எந்திரிப்பான். ‘என்றா பண்றே’ன்னு கேப்பேன். டயர்ல முள்ளு ஏறியிருக்குதான்னு பாத்தேம்பான். வாராவாரம் என்னடா முள்ளுன்னு நான் கேலி பண்ணுவேன்.”



“வாராவாரம்” என்றார் மறுபடியும்.

அவர் விரல்களை மடக்கி எண்ணப் பார்த்தார். ஒன்பது வருஷம், வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு. மருந்துக்கடைக்காரருக்கு இது ஒரு பெருக்கலா? அன்றைக்குக் கணக்கு வரவில்லை.

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல? வாயத் தொறந்து ஒரு வார்த்தை?”

“நான் ஒருக்கா சொன்னேனே சார். நீங்க என்ன சொன்னீங்க?”

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கழுவிய முகம்தான். மறுபடியும் துடைத்தார்.  

“ஆனா பத்திரிகைய…” என்று ஆரம்பித்தார். துண்டை மடித்துத் தோளில் போட்டார்.

வெளியே காற்று அடித்துக்கொண்டிருந்தது. தகரக் கூரையில் எங்கோ ஓர் ஆணி தளர்ந்து தடதடத்தது. 

கடைசியில் குழந்தைவேலு நிமிர்ந்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டையும் பேனாவையும் எடுத்தார். மருந்துக்கடைக்காரர் ஆகிவிட்டார்.

“செரி அம்மிணி. நீ எறக்கினது எத்தனை இருக்குதுன்னு பாத்து எழுதிக்கறேன். இனி வாராவாரம் அதையே அடிச்சுக்குவேன். விக்க வேண்டாம். எனக்குப் போதும்.”

முள் வைத்த பம்ப்பை எடுக்கத் திரும்பினார்.

சுலைகா குனிந்தாள். பின்சக்கரத்தின் வால்வைத் திருகி அமுக்கினாள். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. முழுசும் போகும்வரை விரலை எடுக்கவில்லை. பிறகு முன்சக்கரம்.

“அம்மிணி! என்ன பண்றே நீ?”

சைக்கிள் இரண்டு விரற்கடை தாழ்ந்து, டயர் தரையில் சப்பையாகக் கிடந்தது.

“அது நான் கை போன போக்குல எறக்கினதுங்க சார். சரியான கணக்கு எனக்குத் தெரியாது.”

“உனக்குத் தெரியாதா? சக்கரம் கட்டறவளுக்கு?”

“சக்கரத்தத் தெரியும். உங்களை நாலு வாரமாத்தான் தெரியும். ஒம்பது வருசம் எறக்கினவருகிட்டக் கேளுங்க.”

“பதினாலு கிலோமீட்டர் தாண்டி இருக்குது வீடு. எம்பட பம்ப்பும் அங்கதான். இதை வெச்சுக்கிட்டு நான் எப்படிப் போவேன்?”

அவள் பம்ப்பைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.

குழந்தைவேலு ரோட்டோரத்துக்கு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ஆள் நடமாட்டம் இல்லை. எட்டுத் திக்கிலும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு வேப்பமரத்தடியில் நின்றார். போனை எடுத்தார். உள்ளே வைத்தார். மறுபடி எடுத்தார்.

அந்தக் கல்யாணப் பத்திரிகைக்குக் கீழே ‘வந்துரு’ என்கிற வார்த்தை அப்படியே இருந்தது. எட்டு மாதமாக அதற்குக் கீழே எதுவும் இல்லை. நானூறு வீட்டுக்குத் தட்டு வைத்து அழைத்தவன் இந்த ஒரு வார்த்தையை வேறு யாருக்காவது அனுப்பியிருப்பானா என்று அவர் முதல் தடவையாக யோசித்தார்.

அழுத்தினார். மணி அடித்தது. ரொம்ப நேரம் அடித்தது. எடுக்க மாட்டான் என்று நினைத்தபோது எடுத்தான்.

“என்றா” என்றது நாச்சிமுத்துவின் குரல். சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை.

 குழந்தைவேலு என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தார். மன்னிப்புக்கூடக் கேட்கலாம் என்றிருந்தார்.

“காத்து…” என்றார். “காத்து எத்தனைடா வெப்பே எனக்கு?”

 லைன் அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“முன்னால எழுபத்தஞ்சு. பின்னால எம்பது” என்றான் நாச்சிமுத்து.

“இரு, எழுதிக்கறேன்” என்று குழந்தைவேலு நோட்டை எடுத்தார். 

“எழுதாதடா. அது அன்னைக்கி இருந்த ஆளுக்கு. எட்டு மாசம் ஆச்சு. இளைச்சுக் கெடக்கறியோ, ஊதிக் கெடக்கறியோ, யாரு கண்டா? ஆளப் பாக்காம நான் எப்படிடா சொல்றது?”